பக்கத்துக் காம்பராவில் இருமல், கைப்பிள்ளைக்கு இரண்டாவது ஊசி

கேள்வி: எனக்கு ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். வேலை கொழும்பில். மகளுக்கு மூன்றரை மாதம், 6 கிலோ. இரண்டு மாதத்தில் போட்ட ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சல். தொடை வீங்கி, இராத்திரி முழுக்க அழுதாள். அடுத்த ஊசிக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. அம்மா வேண்டாம் என்கிறார். லண்டனில் இருக்கும் மச்சான், “கக்குவான் ஊசி போட்டவர்களுக்கும் நோய் வருகிறது, அவர்களும் பரப்புகிறார்கள், கூட்டு நோயெதிர்ப்பு என்பதே பொய்” என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். இன்னொரு பக்கம், இலங்கையில் எல்லாரும்தான் ஊசி போடுகிறார்கள், எங்கள் ஒரு பிள்ளைக்கு விட்டால் என்ன என்றும் தோன்றுகிறது. இல்லாவிட்டால் காய்ச்சல் வராத ஊசியைக் காசு கொடுத்துக் கொழும்பில் போடலாமா? பெரியவர்கள் நாங்களும் போட வேண்டுமா? பக்கத்துக் காம்பராவில் ஒரு பையன், 12 வயது, மூன்று கிழமையாக இருமுகிறான். இருமி முடிந்ததும் வாந்தி எடுக்கிறான். அவனுக்குச் சின்னதில் எல்லா ஊசியும் போட்டிருக்கிறார்கள்.

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட கேள்விகளில் அவசரமானது எதுவும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பையனின் இருமல், அதுதான் அவசரம். அதை முடித்துவிட்டு ஊசிக்கு வருகிறேன்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், விடாமல் தொடர்ந்து இருமி முகம் சிவத்தல், முடிவில் வாந்தி: பெரிய பிள்ளைகளுக்கும் வளர்ந்தவர்களுக்கும் கக்குவான் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கிளினிக் கொப்பியில் குக்கல் என்று போட்டிருக்கும் நோயும் இதுதான். “கூ” என்று இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் அந்த வயதில் கேட்காமலே போகலாம். காய்ச்சல் இருக்காது. இருமலுக்கும் இருமலுக்கும் இடையில் பையன் பந்து விளையாடிக்கொண்டிருப்பான், அதனால் வீட்டில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இது கக்குவான்தான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், காசநோயையும் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் மூன்று கிழமை இருமலை தோட்டத்து டிஸ்பென்சரியில் தரும் பாணி மருந்தோடு விடக்கூடாது. அவனை அரச ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பக்கத்தில் கைப்பிள்ளை இருக்கிறது என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். மூக்கின் ஆழத்தில் மெல்லிய பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கும் மாதிரியில்தான் கிருமியைக் கண்டுபிடிப்பார்கள். இருமல் தொடங்கி மூன்று, நான்கு கிழமை கடந்துவிட்டால் அதிலும் அகப்படாது, ஆகவே நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளவேண்டாம்.

கக்குவான் இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. டாக்டருக்குச் சந்தேகம் வந்தாலே போதும், எச் 544 படிவம் நிரப்பி உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு, அதாவது எம்.ஓ.எச்.சுக்கு, அனுப்ப வேண்டும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ., உங்கள் வரிசைக் காம்பராக்களான லயத்துக்கு வந்து வேறு யார் இருமுகிறார்கள், எந்தப் பிள்ளைக்கு ஊசி விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பார். படிவம் போகாவிட்டால் அவரும் வரமாட்டார். அதனால் ஆஸ்பத்திரியில் அறிவித்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள்.

இனி உங்கள் மகள். அவளுக்கு ஒன்றுமில்லை என்றாலும் இன்றைக்கோ நாளைக்கோ டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கக்குவான் உள்ளவரோடு நெருங்கிப் பழகிய கைக்குழந்தைக்கு, நோய் தெரியும் முன்பே அசித்ரோமைசின் என்ற கிருமிகொல்லி மருந்தைக் கொடுப்பது வழக்கம். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஐந்து நாள். டாக்டர் எழுதுவது சரிதானா என்று நீங்கள் விளங்கிக்கொள்ளத்தான் இந்தக் கணக்கு. பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்க அல்ல. பிள்ளைக்குக் கொடுத்தால் தாய்க்கும், அதே காம்பராவில் படுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் கிருமி வீட்டுக்குள்ளேயே சுற்றி வரும்.

அதுவரைக்கும் பையன் உங்கள் காம்பராவுக்கு வரவேண்டாம், அவன் வீட்டார் உங்கள் பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம். இருமல் தொடங்கி 21 நாள் வரை, மருந்து தொடங்கினால் ஐந்து நாள் வரை தொற்றும். பையனுக்கு 21 நாள் முடிகிற நேரமாக இருக்கலாம். ஆனால் அவன் தங்கச்சிக்கோ தாய்க்கோ போன கிழமைதான் “சாதாரணத் தடிமன்” தொடங்கியிருந்தால்? கக்குவானின் முதல் ஒன்றிரண்டு கிழமை வெறும் மூக்கு ஒழுகலும் லேசான இருமலும்தான், ஆனால் அதிகமாகத் தொற்றுவது அப்போதுதான். ஆகவே பையனோடு நிறுத்தாமல் அந்த வீட்டில் இருமுகிற எல்லாரையும் கணக்கில் எடுங்கள். மனைவி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது மகளை பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விடுகிறார் என்றால் அங்கே பிள்ளைகளைப் பார்ப்பவருக்கும் தகவல் போகட்டும்.

மகளுக்கு இருமல் வந்தால், அந்த “கூ” சத்தத்துக்காகக் காத்திருக்கக்கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தச் சத்தம் எழுப்பும் பலம் இல்லை. இருமலே பெரிதாக இல்லாமல் மூச்சு மட்டும் சில விநாடிகள் நின்றுபோகும். உதடும் நாக்கும் நீலம் பாரித்தல், மூச்சு நிற்பது, இருமிவிட்டுத் துவண்டு கிடப்பது, பால் குடிக்காமல் விடுவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, இவற்றில் ஒன்று கண்டாலே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். லயம் வரை வாகனம் ஏறாத பாதையென்றால் எந்தச் சந்திக்கு வரவேண்டும் என்பதை முதலிலேயே சொல்லி, ஆளை அங்கே அனுப்பி வைக்க வேண்டும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையோ நுவரெலியா பெரியாஸ்பத்திரியோ, ஒட்சிசன் கொடுத்து இரவு முழுக்கக் கவனிக்கும் இடத்துக்குத்தான் பிள்ளை போகவேண்டும். தேன், மிளகுக் கசாயம், பிராந்தித் துளி எதுவும் வாயில் வைக்கக்கூடாது. ஒரு வயதுக்குள் தேனே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் நஞ்சு கைப்பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். காம்பராவில் விறகுப் புகை இல்லாமல் பார்ப்பது இந்தக் கைமருந்தெல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

பையனுக்கு மருந்து கொடுத்தும் இருமல் நிற்கவில்லையே என்று அவன் வீட்டில் கோபப்படுவார்கள். கிருமி மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களைத் தன் நஞ்சால் அழிக்கிறது. மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் அழிந்த மயிர்கள் திரும்ப முளைக்க நாளெடுக்கும். இருமல் இரண்டு மூன்று மாதம் இழுப்பது அதனால்தான். அவனுக்கு மருந்து கொடுப்பது முக்கியமாக உங்கள் மகளைப் போன்றவர்களுக்காக.

இனி மச்சானின் குரல் பதிவு. அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை மறுக்கும் சுகாதாரத் துறைக்காரர்கள்தான் இப்படியான பதிவுகளுக்கு வலு சேர்க்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

“எல்லா ஊசியும் போட்ட பையன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் கொப்பியைப் பாருங்கள். நம் நாட்டு அட்டவணையில் கக்குவான் பகுதி இருப்பது நான்கு ஊசிகளில் மட்டும்: 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்க்கான ஊசி, 18 மாதத்தில் போடும் முக்கூட்டு ஊசி. ஐந்து வயதில் போடுவதில் தொண்டைக்கரப்பனும் (டிப்தீரியா) ஏற்புவலியும்தான் (டெட்டனஸ்) இருக்கின்றன. ஏழாம் வகுப்பில் பாடசாலைக்கு வந்து போடுவதிலும் அந்த இரண்டுதான். ஆக அந்தப் பையன் கடைசியாகக் கக்குவானுக்கு எதிராக ஊசி போட்டது ஒன்றரை வயதில். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. தடுப்பூசியால் வரும் பாதுகாப்பு நான்கு முதல் 12 வருடத்தில் தேய்கிறது. நோயே வந்து குணமானாலும் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு இல்லை. சின்னமுத்து (தட்டம்மை) ஒருமுறை வந்தால் திரும்ப வராது, இது வரும். அவனுக்கு நோய் வந்ததால் ஊசி பொய் என்று ஆகாது, அதன் காலம் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். அதோடு 12 வயதில் இருமல், வாந்தி என்ற அளவில் நிற்கிற நோய், மூன்றரை மாதத்தில் உயிரை எடுக்கக்கூடியது.

ஊசி போட்டவர் பரப்பலாம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் பபூன் குரங்குகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2013 இல் வெளிவந்தது. கிருமியின் சில துண்டுகளை மட்டும் வைத்துச் செய்த புதுவகை ஊசி போட்ட குரங்குகளுக்கு நோய் வரவில்லை, ஆனால் தொண்டையில் கிருமி பல கிழமை தங்கி, பக்கத்துக் குரங்குக்கும் போனது. மச்சான் கேட்ட செய்தியின் வேர் இதுவாக இருக்கலாம். அவர் இருக்கும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளுக்குப் போடுவது அந்தத் துண்டு ஊசிதான். இலங்கை அரச கிளினிக்கில் போடுவது, கொன்ற கிருமியை முழுதாக வைத்துச் செய்த பழையவகை ஊசி. அதே ஆராய்ச்சியில் முழுக்கிருமி ஊசி போட்ட குரங்குகளின் தொண்டையிலிருந்து கிருமி வேகமாக நீங்கியது. காய்ச்சல் தருவதும் இந்த ஊசிதான், கிருமியை நன்றாக விரட்டுவதும் இதுதான்.

சுற்றியுள்ள பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பு இருந்தால், எதிர்ப்பு இல்லாதவரையும் நோய் எட்டாது என்பதுதான் கூட்டு நோயெதிர்ப்பு. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். யாருக்கும் எதிர்ப்பு இல்லாத இடத்தில் கக்குவான் வந்த ஒருவர் 12 முதல் 17 பேருக்குக் கொடுப்பார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. ஒருவரிலிருந்து ஒருவருக்குக்கூடப் போகாமல் தடுக்க வேண்டுமென்றால், 100 பேரில் 92 முதல் 94 பேருக்கு உண்மையான எதிர்ப்பு இருக்கவேண்டும். ஊசி போட்டவர் எண்ணிக்கை வேறு, எதிர்ப்பு உள்ளவர் எண்ணிக்கை வேறு. 100 பிள்ளைகளில் 97 பேருக்குப் போட்டாயிற்று, ஊசி 85 வீதம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பு உள்ளவர்கள் 82 பேர். அதற்கு மேல், வருடம் போகப் போகத் தேய்ந்த பெரியவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஆகவே சின்னமுத்தைப் போல் கக்குவானை ஒரு நாட்டிலிருந்து துடைத்துவிடும் அளவுக்குக் கூட்டு எதிர்ப்பு எங்கும் உண்டாகவில்லை. ஊசி போடும் வீதம் உயர்ந்த நாடுகளிலும் இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நோய் தலைதூக்குகிறது. 2010 இல் கலிபோர்னியாவில் 9,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு 10 கைக்குழந்தைகள் இறந்தன.

ஆனால் இதிலிருந்து “ஊசி போடாதே” என்று மச்சான் எப்படி வந்து சேர்ந்தார் என்பதுதான் விளங்கவில்லை. சுற்றியுள்ளவர்களின் ஊசி உங்கள் மகளை முழுதாகக் காக்காது என்றால், அவளுடைய சொந்த ஊசி இன்னும் அவசியம் என்றுதானே அர்த்தம்? தகரம் ஒழுகுகிறது என்பதற்காக மழைக்காலத்தில் யாரும் கூரையைக் கழற்றுவதில்லை.

கழற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1970களின் நடுவில் முழுக்கிருமி ஊசி மூளையைப் பாதிக்கிறது என்ற பயம் பரவியது. பிரித்தானியாவில் ஊசி போடும் வீதம் 80 இலிருந்து ஏறக்குறைய 30க்கு இறங்கியது. பிறகு அடுத்தடுத்து இரண்டு பெரிய கொள்ளைநோய், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஜப்பானில் 1975 இல் ஊசியைச் சிறிது காலம் நிறுத்தி, பிறகு இரண்டு வயதுக்குத் தள்ளினார்கள். 1979 இல் அங்கே 13,000 பேருக்கு நோய், 41 மரணம். இப்படிப் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன பிள்ளைகளைப் பற்றிப் பின்னால் ஓரளவு விளக்கம் கிடைத்தது. 2006 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஊசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். 11 பேருக்குப் பிறவியிலேயே வலிப்பு நோயை உண்டாக்கும் மரபணு மாற்றம் இருந்தது.

ஓட்டைக் கூட்டு எதிர்ப்புக்கும் பலன் உண்டு என்பதற்கு ஸ்வீடன் சாட்சி. அங்கே 1979 இல் ஊசியை நிறுத்தி, 1990களில் மறுபடி தொடங்கினார்கள். கோத்தன்பர்க் பகுதியில் பிள்ளைகளுக்குப் பெருமளவில் போட்டபோது, ஊசியே போடாத கைக்குழந்தைகளிலும் வளர்ந்தவர்களிலும்கூட நோய் குறைந்தது. அதுவும் துண்டு ஊசியால். அதனால் பரவலைத் தடுக்கவே தடுக்காது என்பதும் தவறு, முழுதாகத் தடுக்கும் என்பதும் தவறு.

சரி, “எல்லாரும் போடுகிறார்கள், ஒரு பிள்ளைக்கு விட்டால் என்ன” என்பதற்கு வருவோம். இலங்கையில் மூன்றாவது ஊசி வரை போட்ட பிள்ளைகள் 95 வீதத்துக்கு மேல். உலகத்தில் பல பணக்கார நாடுகளும் எட்டாத உயரம் அது. ஆனால் கிருமிக்கு நாடு தெரியாது, லயம்தான் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம், சில இடங்களில் கூரை வரை எட்டாத இடைச்சுவர், பனிக்குளிருக்குச் சாத்திய கதவு. எதிர்ப்பு இல்லாதவர் ஒரே வீட்டில் இருந்தால் 100க்கு 80, 90 பேருக்குத் தொற்றும் நோய் இது. பல லயங்களில் ஒரு வீடு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காற்றுக்குத் தெரிவதில்லை. நாடு முழுக்க 97 வீதம் இருந்துவிட்டு, உங்கள் லயத்தில் உள்ள ஐந்து கைப்பிள்ளைகளில் இரண்டு பேருக்கு விடுபட்டிருந்தால், அந்த லயத்தின் வீதம் 60.

விடுபடுவதும் எல்லா இடத்திலும் சமமாக நடப்பதில்லை. தாய் வீட்டுவேலைக்கு மத்தியகிழக்குப் போய், பிள்ளை பாட்டியிடம் இருக்கும் வீடு. கொழும்பில் பிறந்து தோட்டத்துக்கு வந்த பிள்ளை, கொப்பி அங்கே, பிள்ளை இங்கே. கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும் என்று தள்ளிப்போட்ட வீடு. இவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து பஸ் நிறைய இளைஞர்கள் வருகிறார்கள், லேசான இருமலோடு வந்து கைப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். (நீங்களும் அதில் ஒருவர் என்பதை மறக்கவேண்டாம்.) பேறுகால லீவு 12 கிழமை, அதில் இரண்டு கிழமை பிரசவத்துக்கு முன்னால் போய்விடுகிறது. ஆகவே தாய் மறுபடி கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைக்கு இரண்டரை மாதம், உடம்பில் ஒரே ஒரு ஊசி. பிள்ளை மடுவத்துக்குள் நுழைவது அந்த நிலையில்தான்.

ஒரு ஊசி, கடும் நோயிலிருந்து ஏறக்குறையப் பாதிப் பாதுகாப்புத்தான் தருகிறது. இரண்டாவது போட்ட பிறகு அது 80 வீதத்துக்கு மேல் ஏறுகிறது. நாலாம் மாத ஊசியைப் பிந்தவிடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். பக்கத்தில் நோய் இருக்கும் இந்த நிலையில், இரண்டு கிழமைக்கு முன்பாகவே போடலாமா என்று எம்.ஓ.எச்.சிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு ஊசிக்கு நடுவில் குறைந்தது நான்கு கிழமை இருந்தால் போதும் என்பது உலகளவில் ஏற்ற விதி, உங்கள் மகளுக்கு ஆறு கிழமை ஆகியிருக்க வேண்டும். முடிவு அவருடையது. ஒருவேளை பிந்திவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூக்கு ஒழுகல், லேசான இருமல், எடை குறைவு எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல.

அம்மாவின் பயம் நியாயமானது, அவர்தான் இராத்திரி முழுக்கப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்திருப்பார். முழுக்கிருமி ஊசிக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் வருவது வழமை. அன்று பின்னேரம் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் இறங்கவேண்டும். அதற்குப் பிறகும் காய்ந்தால் அது ஊசிக் காய்ச்சல் அல்ல, வேறு காரணம் தேட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தொடை வீக்கம் இரண்டு மூன்று நாள், உள்ளே சின்னக் கட்டி சில கிழமை இருக்கலாம், தானாகக் கரையும். அந்த இடத்தில் தேய்ப்பது, சுடுநீர் ஒத்தடம், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஈரத் துணி வைத்தால் போதும்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல். இதில்தான் பிழை அதிகம் நடக்கிறது. கைப்பிள்ளைப் பரசிட்டமோல் ஒரே பலத்தில் வருவதில்லை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி ஒன்று. துளிமருந்தாக வருவது ஒரு மில்லிலீற்றரிலேயே ஏறக்குறைய 100 மில்லிகிராம் வரை வைத்திருக்கும். பாணிக்குச் சொன்ன அளவைத் துளிமருந்தில் எடுத்தால் நான்கு மடங்கு போய், ஈரல் கெடும். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. உங்கள் மகளின் 6 கிலோவுக்கு, 120 உள்ள பாணியில் 2.5 மில்லிலீற்றர் கொடுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. தேக்கரண்டியில் ஊற்றவேண்டாம், போத்தலோடு வரும் அளவுக்குழாயில் எடுக்கவேண்டும். தாய்ப்பால் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், துணி சுற்றிப் போர்த்தவேண்டாம். குளிர் ஊரில் காய்ச்சல் பிள்ளையைக் கம்பளியில் பொதிந்து சூட்டை ஏற்றிவிடுவது பாட்டிமார் பாசத்தில் செய்யும் காரியம்.

ஒரு விசயத்தை மட்டும் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: அந்த இரவு அவள் இடைவிடாமல் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கத்தினாளா, அல்லது பால் குடித்து இடையில் தூங்கி மறுபடி அழுதாளா? இரண்டாவது என்றால் அடுத்த ஊசிக்கு எந்தத் தடையும் இல்லை. முதலாவது என்றாலும் ஊசி கூடாது என்று ஆகாது. ஆனால் எம்.ஓ.எச். பார்த்து முடிவெடுக்க வேண்டும், கொப்பியிலும் பதிய வேண்டும். உண்மையிலேயே அடுத்த கக்குவான் ஊசியை நிறுத்தும் காரணங்கள் மிகச் சில: முன்பு போட்டபோது மூச்சுத்திணறலோடு வந்த கடும் ஒவ்வாமை, ஊசிக்குப் பிறகு ஏழு நாளுக்குள் வேறு காரணம் இல்லாமல் நினைவு தப்பும் அளவு மூளைப் பாதிப்பு. வலிப்போ, உடம்பு தளர்ந்து வெளிறிப்போவதோ நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். போட்ட பிறகு அரைமணி நேரம் கிளினிக்கிலேயே இருங்கள், கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அதற்குள்தான் வரும்.

ஐந்து நோய்க்கான ஊசியில் பிள்ளைகள் செத்தார்களாமே என்று தோட்டத்தில் இன்னும் பேசுகிறார்கள். நடந்தது இதுதான்: 2008 ஜனவரியில் அந்த ஊசி இலங்கையில் வந்தது, சில மாதத்தில் சில குழந்தைகளின் மரணத்தைத் தொடர்ந்து அரசு அதை நிறுத்தி, பழைய முக்கூட்டு ஊசிக்குத் திரும்பியது. நிபுணர்கள் ஆராய்ந்த பிறகு 2010 இல் மறுபடி கொண்டுவந்தார்கள். பக்கவிளைவைக் கொப்பியில் பதியச் சொல்வது ஏன் என்று இதிலிருந்து தெரியும். பதிந்தால்தான் நிறுத்த வேண்டியபோது நிறுத்த முடியும்.

காசு கொடுத்துப் போடும் ஊசி பற்றி. கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிகளில் கிடைப்பது துண்டு ஊசி வகை. காய்ச்சலும் வீக்கமும் குறைவு, அது உண்மை. ஆனால் பாதுகாப்பு விரைவில் தேய்கிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1998 இல் பிறந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, முழுக்கிருமி ஊசியோடு தொடங்கியவர்களுக்குப் பத்து வருடம் கழித்தும் கக்குவான் குறைவாகவே வந்தது. என் கருத்தில், முன் சொன்ன கடும் பக்கவிளைவு எதுவும் இல்லாத பிள்ளைக்கு அரச கிளினிக் ஊசியே மேல். மூன்றரை மாதப் பிள்ளையை இருமுகிறவர்கள் நிறைந்த பஸ்ஸிலோ கோச்சியிலோ அத்தனை தூரம் கொண்டுபோவதும் ஒரு செலவுதான். அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால் துண்டு ஊசி போடுங்கள், வெறுமனே விடுவதைவிட அது எவ்வளவோ நல்லது. மாற்றிப் போடுவதில் தடையில்லை, என்ன போட்டார்கள் என்பது கொப்பியில் ஏறவேண்டும். அங்கே கொடுக்கும் தனி அட்டையை மட்டும் நம்பினால், பிறகு மருத்துவமாது கணக்குத் தெரியாமல் தடுமாறுவார்.

பெரியவர்களுக்கு? வீட்டில் எல்லாருக்கும் காசு கொடுத்துப் போடுவதில் பலன் குறைவு. பாதுகாப்பு சில வருடத்தில் இறங்கிவிடும், பக்கத்துக் காம்பராவுக்கு யார் போடுவது? கைப்பிள்ளையைக் காக்க நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த வழி, கர்ப்பிணிக்குப் போடுவது. பிரித்தானியாவில் 2012 இல் 14 கைக்குழந்தைகள் கக்குவானில் இறந்தன. அந்த ஒக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்குக் கக்குவான் கலந்த ஊசி தொடங்கினார்கள், பிறந்த முதல் மாதங்களில் நோய் வருவதை அது 90 வீதம் அளவுக்குக் குறைத்தது. தாயின் எதிர்ப்பு கொப்பூழ்க்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், இரண்டு மாத ஊசி வரை தாங்குகிறது. நம் அரச கிளினிக்கில் கர்ப்பிணிக்குப் போடும் ஊசி ஏற்புவலிக்கானது, கக்குவான் பகுதி அதில் இல்லை. அடுத்த பிள்ளை உண்டானால், 27 முதல் 36 கிழமைக்குள் தனியாரிடம் கக்குவான் கலந்த ஊசி போடலாமா என்று மகப்பேற்று டாக்டரிடம் கேளுங்கள். கையில் காசு இருந்தால் அதற்குத்தான் செலவழிக்கச் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. அந்த ஐந்து நோய் ஊசியில் கக்குவானோடு ஏற்புவலிக்கும் மருந்து இருக்கிறது. ஏற்புவலி மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. அதற்குக் கூட்டு எதிர்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மலையில் கவ்வாத்துக் கத்தியும் முள்ளுக்கம்பியும் நடுவே வளரப்போகிற பிள்ளை அவள். ஊர் முழுக்கப் போட்டிருந்தாலும் அவள் தொடையில் போகாத ஊசி அவளைக் காக்காது. மச்சானிடம் இதையும் கேட்டுப் பாருங்கள்.

மனைவியிடம் சொல்லி இன்றே கொப்பியின் தடுப்பூசிப் பக்கத்தைப் போனில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாலாம் மாதம், ஆறாம் மாதம், பதினெட்டாம் மாதம் மூன்றுக்கும் திகதியை உங்கள் போனில் போட்டு வையுங்கள். பதினெட்டாம் மாதத்தைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள், அதற்குள் பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிடும், கிளினிக் ஞாபகம் போய்விடும். கிளினிக் நாள் மனைவிக்குச் சம்பளம் போகும் நாளாக இருந்தால் அம்மாவே பிள்ளையைக் கொண்டுபோகலாம். கொப்பியும், முதல் ஊசிக்கு என்ன நடந்தது என்ற விபரமும் அவர் கையில் இருக்கட்டும்.